வாணி எடுக்காத குரல்

அந்தத் தாயின் அழுகையைத் திருடியவன் நான். வாணி அல்ல. நான்!

இதைப் படிக்கும் நீங்கள் எங்கள் பாட்டைக் கேட்டிருக்கலாம். மன்னார் பஸ்களில் அது ஓயாமல் ஒலித்தது. ரசித்தீர்களா? அப்படியானால் மிச்சத்தையும் கேளுங்கள்.

போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் எங்கள் இசைக்குழு கலியாண வீடுகளில் பைலா ஆட்டப் பாட்டும் சினிமாப் பாட்டும்தான் வாசித்தது. பிறகு, புத்தளத்திலிருந்து எருக்கலம்பிட்டிக்குத் திரும்பிய நிஸ்தார் தன் றபான் மேளத்தோடு சேர்ந்தான். நான் மாதா கோயிலில் பூசைக்கு ஓர்கன் வாசித்தவன். அடம்பனிலிருந்து வந்த வாணியிடம் குரல் இருந்தது. எல்லாவற்றையும் கலந்து சொந்தப் பாட்டுகள் செய்தோம். இது என்ன கூத்தென்று சிரித்தவர்களே பிறகு தாளம் போட்டார்கள்.

எனக்கு அது போதவில்லை...

வாணியின் அண்ணன் போரின் கடைசியில் காணாமல் போனவன். அவனுடைய படத்தை ஏந்தியபடி மற்றத் தாய்மாரோடு, பிள்ளை எங்கே என்று கேட்டுத் தெருவோரம் அமர்பவர் அவளுடைய தாய். அந்தத் தாய்மார் பிள்ளைகளுக்கு ஒப்பாரி வைப்பதில்லை. வைத்தால், பிள்ளை செத்துவிட்டான் என்று பெற்றவளே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஒருநாள் ஒத்திகைக்கு வாணி வீட்டுக்கு முந்திப் போய்விட்டேன். குசினிக்குள் அடுப்பருகே அரிசி புடைத்தபடி அந்தத் தாய் தனியே ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தார். மகனின் பெயரைச் சொல்லி! யாருமில்லை என்று நினைத்து மனம் தளர்ந்திருக்கிறார். நான் திரும்பிப் போயிருக்க வேண்டாமா? சுவரோடு ஒட்டி நின்று கைபேசியில் பதிவு செய்தேன். எனக்கும் கண்ணீர் வந்தது... ஆனாலும் பதிவை நிறுத்தவில்லை.

"அம்மா சம்மதிச்சவ. அவவோட இதைப் பற்றிக் கதையாத, உடைஞ்சு போவா" என்று வாணியிடம் சொன்னேன். அவள் நம்பி, அந்த அழுகையோடு சேர்ந்து பாடினாள். நிஸ்தார் மட்டும் றபானைக் கீழே வைத்தான். "இது நல்லதுக்கில்லை மச்சான்" என்றான். நான் அவனைக் கோழை என்றேன்.

பாட்டு ஊரெல்லாம் பரவியது. இழவு வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல அயலவர்கள் அந்த வீட்டுக்குச் சோறு சமைத்துக் கொண்டுபோனார்கள். "இனியாவது அந்தியேட்டிக் கிரியையைச் செய்யுங்கோ, பிள்ளை சாந்தியடையட்டும்" என்றார்களாம்.

தாய் எங்களைக் கூப்பிட்டார். "என்ர வாயாலயே என்ர பிள்ளையைச் சாக்காட்டிப் போட்டன். ஆர் இதை எடுத்தது?"

"ஜெரோம் அண்ணாதான் அம்மா. நீங்கள் சம்மதிச்சதெண்டு சொன்னவர்" என்றாள் வாணி.

தாய் என் பக்கம் திரும்பினார். "உண்மையே தம்பி?"

"இல்லை அம்மா. வாணிதான் கொண்டுவந்து தந்தவ."

எவ்வளவு இலகுவாக வந்தது! தாய் என்னை நம்பினார். வாணி என்னையே பார்த்தாள். பிறகு கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். தாய் அவளோடு கதைப்பதில்லை. தெருவோரம் போய் அமர்வதும் நின்றுவிட்டது.

நான் போனால் தேத்தண்ணி தருகிறார். "நீங்களாவது வாறியள் தம்பி. அந்தப் பாட்டை மட்டும் இனி எங்கையும் போடாதேங்கோ" என்கிறார். வாக்குக் கொடுத்தேன். உண்மையைச் சொல்ல வாய் திறக்கிறேன்... தேத்தண்ணியைத்தான் குடிக்கிறேன்.

நேற்று முசலியில் ஒரு விழாவுக்கு அழைத்தார்கள். அந்தப் பாட்டுத்தான் வேண்டுமாம்.

ஓம் என்றேன்.