கரமனை ஆற்றில் போன செருப்பு

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

எங்கள் தெருச் சங்கம் அண்மையில் வெளியிட்ட சிறப்பு மலரில், தோல் கரப்பானுக்கு என் அத்தை காய்ச்சிய எண்ணெயைப் போற்றி ஒரு கட்டுரை வந்துள்ளது. அவ்வெண்ணெயால் கால் கரப்பான் நீங்கப்பெற்ற சிறுமி என்று அதில் சொல்லப்பட்டிருப்பவள் நானே. என்னை ஒரு வார்த்தை கேளாமல் என் கால்களைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்கள். அக்கால்கள் இன்னும் என்னிடமே இருக்கின்றன. அவற்றின் சார்பில் மறுப்பு எழுதுகிறேன். பள்ளியில் நான் கற்றது மலையாளம். இத்தமிழ் நானாகப் படித்துக்கொண்டது. பிழை இருக்கலாம். பொய் இராது.

கரமனை அக்கிரகாரத்தில் எங்கள் வீட்டில், அப்பாவின் தமக்கையாகிய அத்தை சொன்னதே சட்டம். பம்பாயில் உத்தியோகம் பார்த்த சித்தப்பா ஒரு விடுமுறையில் எனக்கு நீல வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். தெருவில் வேறெந்தப் பெண் குழந்தைக்கும் அப்படியொன்று கிடையாது. வாசற்படி தாண்டிய நேரமெல்லாம் அது என் காலில்தான் இருந்தது. சில வாரங்களில் இரு புறங்கால்களும் அரிக்கத் தொடங்கின; சிவந்து, பொரிந்து, நீர் வடிந்து, தோல் தடித்துப்போயிற்று. பெருவிரல் இடுக்கில் தொடங்கி இருபுறமும் கவடு பிரிந்து ஏறிய அதன் வடிவத்தைக் கண்டு எதிர்வீட்டு மாமி சிரித்தார்.

"ஐயர் ஆத்துக் கொழந்தை கால்ல நாமம் போட்டுண்டு நிக்கறதே! ஏண்டி, திருப்பதிக்கு நேர்ந்துண்டியா?"

தெருவே சிரித்தது. நாமத்தைக் கண்ட அத்தனை கண்களுள் ஒன்றாவது, வாசலில் கிடந்த செருப்பின் வாரைக் கண்டதா? இல்லை. செருப்பு அசுத்தப் பொருள். அதைக் குனிந்து பார்ப்பார் யார்?

அத்தை வைத்தியத்தில் இறங்கினார். காலைதோறும் உப்பிட்ட வெந்நீரில் என் கால்களை அமிழ்த்தி, தேங்காய் நாரால் தேய்த்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தடவுவார். நான் அலறுவேன். "எரிஞ்சாத்தான் தீனம் போகும், சும்மா இரு" என்பார். நடக்க முடியாமல் வீட்டில் கிடந்த நாட்களில் புண் ஆறும், பெருமை எண்ணெய்க்கு. பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் திரும்ப வரும். பழி, கரப்பானுக்கு ஆகாத கத்தரிக்காயைத் திருட்டுத்தனமாகத் தின்றதாகச் சொல்லப்பட்ட எனக்கு. இப்படியும் ஒரு நியாயம் உண்டா?

அம்மா ஒரே ஒரு முறை வாய் திறந்தாள்.

"அக்கா, அந்தச் செருப்பைக் கொஞ்ச நாள் போடாம பாக்கலாமா?"

"என் தம்பி ஆசையா வாங்கிக் குடுத்ததுலயா குத்தம் கண்டுபிடிக்கறே? உன் பேச்சு எனக்கு நன்னா மனசிலாச்சு."

அத்துடன் அப்பேச்சு முடிந்தது. அப்பா நாளிதழைப் புரட்டினார்.

நவராத்திரி நெருங்கியது. எதிர்வீட்டில் ஆண்டுதோறும் கன்யா பூஜை நடக்கும். பெண் குழந்தைகளை மணையில் அமர்த்தி, கால் கழுவி, மஞ்சள் பூசி, நலங்கிட்டு வணங்குவர். அதில் நான் தவறாமல் அமர்பவள். பட்டுப் பாவாடையை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் காத்திருந்தேன். மாமி வந்து அத்தையிடம் சொன்னார்: "தொட்டா பகரும், மத்த கொழந்தைகளுக்கும் ஒட்டிக்கும்னு எல்லாரும் சொல்றா, கேட்டேளா. கால் இப்படியே இருந்தா, இந்த வருஷம் வேற கொழந்தையை இருத்திக்கறேன்." நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா துணி துவைக்க ஆற்றுக்குப் போனாள். என்னையும் அழைத்துச் சென்றாள். செருப்பைப் படியிலேயே கழற்றி வைக்கச் சொன்னாள். சற்று நேரத்தில் அவை நீரில் மிதந்தன. இடுப்பளவு நீரில் நின்ற அவளுக்குக் கை எட்டும் தூரத்தில்தான், ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

"அம்மா, பிடி! அம்மா!"

அம்மா அப்பாவின் வேட்டியை அலசிக்கொண்டிருந்தாள். "போறது போகட்டும், விடு" என்றாள்.

வீட்டில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. "பம்பாய்லேர்ந்து வந்த சாமானை வெள்ளத்துல விட்டுட்டு வந்து மரம் மாதிரி நிக்கறா பாரு! இவளை நம்பிக் குடித்தனமா!" என்றார் அத்தை. அம்மா தலை குனிந்து துணி காயப்போட்டாள்.

நவராத்திரிக்குள் என் கால்கள் தெளிந்தன. நான் மணையில் அமர்ந்தேன். மாமி என் பாதங்களைக் கழுவியபடியே, "எண்ணெய்ன்னா இதுன்னா எண்ணெய்!" என்றார். அத்தை புன்னகைத்தார். அம்மா சுண்டல் விநியோகித்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா அடுத்த முறை வந்தபோது வேறொரு ஜோடி கொண்டுவந்தார். நாமமும் திரும்பி வந்தது, எண்ணெயும் வந்தது. அந்த ஜோடி, கிழக்கேகோட்டைக் கோயில் வாசலில் அம்மாவின் காவலில் இருந்தபோது காணாமற்போயிற்று. அன்றுமுதல் எங்கள் வீட்டில் அவளுக்கு 'தொலைச்சி' என்று பெயர் நிலைத்தது. பேரக்குழந்தைகள்வரை அப்பெயரைச் சொல்லிச் சிரித்தனர். அவள் மறுத்ததே இல்லை.

அவள் காலமான பின், நானே காசு கொடுத்து வாங்கிய ரப்பர் செருப்பு அதே நாமத்தை என் காலில் இட்டது. தோல் மருத்துவர் காலையும் செருப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என் தோலுக்கு ரப்பர் ஆகாது என்றார். இன்று கால் கழுவினால் தேய்க்காமல் ஈரம் ஒற்றி, களிம்பு தடவி, ரப்பர் படாமல் காத்துவருகிறேன். கத்தரிக்காய் தாராளமாக உண்கிறேன்.

ஒரு கரண்டியைக்கூட, ஒரு குண்டூசியைக்கூட என் அம்மா வாழ்நாளில் தொலைத்ததில்லை. தொலைத்தவை அந்த இரண்டு ஜோடி மட்டுமே. படித்துறையில் நின்று கதறிய சிறுமிக்கு அது விளங்கவில்லை. கைக்கு எட்டிய செருப்பை அம்மா ஏன் பிடிக்கவில்லை என்பதே அவளுடைய தீராத குறையாக இருந்தது.

மலரை வீட்டில் வைத்திருப்போர், எண்ணெய்க் கட்டுரை உள்ள பக்கத்திலேயே இதையும் சேர்த்து வைத்துக் காக்குமாறு வேண்டுகிறேன்.