முக்கில் கட்டிய பிளக்ஸ்

மகள் பெரிய மனுஷியானதும் முதலில் குதித்தவர் என் அண்ணன்தான். தாய்மாமன் அல்லவா? டவுணில் சிமெண்டும் கம்பியும் விற்கிறவர். சடங்கையும் லோடு இறக்குகிற தோரணையில்தான் பேசினார். மண்டபம், மேளம், சீர்த்தட்டு, தெருமுக்கில் ஒரு பெரிய பிளக்ஸ் பேனர்.

"சடங்கு வேணா வைங்க. என் போட்டோவ மட்டும் ரோட்டுல வைக்காதிய" என்றாள் மகள். அவள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அப்படி வைத்தார்கள். பையன்கள் அதைப் படமெடுத்துச் சுற்றவிட, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தையே மாற்றிக்கொண்டது. நான் மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். அண்ணனிடமும் சொன்னேன். "சரிட்டி, சரிட்டி" என்றார். அந்தச் சரியை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

சடங்கன்று காலை அவளை அலங்கரித்து ஆட்டோவில் கூட்டிவந்தேன். மண்டபத்துக்கு முந்தின முக்கில், சவுக்குக் கம்புகளுக்கு நடுவே ஆளுயரத்துக்குமேல் நின்றாள் என் மகள். தீபாவளிக்கு மாமாவோடு சிரித்தபடி எடுத்த படம். பக்கத்தில் அண்ணன். டீக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அழவில்லை. மண்டப வாசலில் ஆட்டோவைவிட்டு இறங்கவும் இல்லை. "நீதானம்மா சத்தியம் பண்ணுன" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்த அண்ணனிடம், "அண்ணே, அத இப்பவே அவுக்கணும்" என்றேன்.

"கூறு இருக்கா ஒனக்கு? ஊரே பாத்தாச்சு. இனி அவுத்தா என் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க? ஒனக்குச் சடங்கு வச்சப்ப நீ இப்படியா பேசுன?"

பேசவில்லைதான். என்னை யாரும் கேட்கவும் இல்லை. குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். நல்ல பிள்ளை என்றார்கள்.

"அவுத்தேன்னா இந்த வாசலோட நம்ம ஒறவு முடிஞ்சுது" என்றார்.

அப்பா போனபின் எனக்குப் பிறந்த வீடு என்றிருப்பது அவர் ஒருவர்தான். பயந்துபோனேன். ஆனாலும் சமையல்காரரிடம் காய் நறுக்கும் கத்தியை வாங்கிக்கொண்டு, பட்டுச்சேலையோடு முக்குவரை நடந்துபோய்க் கயிற்றை அறுத்தேன். பிளக்ஸ் சரிந்து விழுந்தது. பின்னாலேயே வந்த அண்ணன் அதைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மகள் இறங்கி வந்தாள். தாய்மாமன் இல்லாமலே சடங்கு நடந்தது. பந்தியில் அவள் இலையில் கைவைக்கவில்லை. "மாமா சாப்பிட்டாவளாம்மா?" என்று கேட்டாள்.

அண்ணன் இன்றுவரை எங்களோடு பேசவில்லை. போன மழையில் டவுண் பஸ்ஸில் அவர் கடையைத் தாண்டிப் போனோம். வாசலில் நின்ற லோடு ஆட்டோவில் சிமெண்டு மூட்டைகளின்மேல் பிளக்ஸைப் போர்த்திக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது வெறும் வெள்ளைப் பக்கம். காற்றில் ஓரம் தூக்கியபோது மகளின் தீபாவளிப் பாவாடை தெரிந்தது. அவர் நனைந்துகொண்டே அதை அவசரமாக உள்ளே மடித்துச் செருகினார்.

மகள் ஜன்னல் வழியே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா என் மூஞ்சிய உள்பக்கமா வச்சுல்லாம்மா கட்டுதாவ" என்றாள்.