சித்தி குடியிருந்த கப்பல்

கடல் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். பஸ்ஸில் வாந்தி எடுக்காத பிள்ளைகளை மட்டுமே கூட்டிப்போவார்கள் என்பதால் பத்து வயது வரை நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் கப்பலில் குடியிருந்த ஒரு சித்தப்பாவும் சித்தியும் எனக்கு இருந்தார்கள். சிவகாசி நாரணாபுரத்துக்கு இந்தப் பக்கம், மழை பெய்யாததையே மூலதனமாக வைத்துப் பட்டாசுத் தொழில் நடக்கிற வட்டாரத்தில், இப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்தவள் நான் ஒருத்திதான். இந்தப் பெருமையை நான் அடக்கமாக வைத்துக்கொண்டேன் என்று எழுதினால், என்னோடு நான்காம் வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள்.

கப்பல் என்று நான் சொல்வது ஒரு பழைய மர வள்ளம். அந்த வருஷம் ஐப்பசியில் ஏதோ தவறுதலாக எங்கள் பக்கம் நல்ல மழை பெய்துவிட்டது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. சாத்தூர் வியாபாரி ஒருவர் மீன் குத்தகை எடுத்துக் குஞ்சு விட்டார். குஞ்சு வளர்ந்தால் களவு போகும், காவலுக்கு ஆள் வேண்டும். தூத்துக்குடியில் பட்டாசு லோடு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய லாரியில் அவர் ஒரு வள்ளத்தை ஏற்றி வரச் செய்தார். லாரி ஊருக்குள் நுழைந்தபோது மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. காவல் வேலைக்கு என் சித்தப்பா பெயர் கொடுத்தார். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத சித்தி, தானும் அங்கேயே குடியிருக்கப்போவதாகச் சொல்லித் தன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சித்தப்பா அதுவரை பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். வீட்டுக்கு மூத்தவரான பெரியப்பா அதே கம்பெனியில் போர்மேன். எங்கள் வீட்டில் யார் எந்த வேலைக்குப் போவது, யார் யாரைக் கட்டிக்கொள்வது எல்லாம் அவர் முடிவு. சித்தியைப் பார்த்து வந்தவரும் அவர்தான். சித்தியின் அண்ணன் பெரியப்பாவின் கீழே மருந்து அறையில் வேலை பார்த்தவர். ஒரு சித்திரை வெயிலில் அந்த அறை வெடித்தது. வேனில் மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் பெரியப்பா. கொண்டுபோய்ச் சேர்த்தபோது உயிர் இல்லை. மறு வருஷம் அந்த வீட்டுக்கே போய்த் தன் தம்பிக்குப் பெண் கேட்டார். மாப்பிள்ளை மருந்து அறைக்குப் போகக் கூடாது என்று சித்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பெரியப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தாலி ஏறட்டும், அப்புறம் பார்ப்போம் என்று பொருள்படும்படி ஒரு செருமல் செருமினார். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பெருக்கல் வாய்ப்பாடு தெரிவதுபோலத்தான் தெரியும்.

எங்கள் வீடுகளில் தம்பி பெண்டாட்டி, கணவனின் அண்ணனோடு நேராகப் பேசமாட்டாள். அவரும் பேசமாட்டார். நடுவில் ஒரு பிள்ளை வேண்டும். இரண்டு பேரும் ஆறடி தூரத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பேச்சு பிள்ளை வழியாகப் போய்வரும். அந்த உத்தியோகம் எங்கள் வீட்டில் எனக்கு. சித்தி சொன்னது பெரியப்பாவின் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் ஒருமுறை சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அப்போதுதான் கேட்டவர்போல முகத்தைச் சுளிப்பார். இரு தரப்பும் என்னை நம்பித்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கண்மாய்க் கரையில் நடந்த பெரிய பேச்சுவார்த்தையும் என் வழியாகத்தான் நடந்தது. தண்ணீர் வற்றினால் மீனும் போச்சு, காவலும் போச்சு. தீபாவளி ஆர்டர் தலைக்குமேலே கிடக்கிறது, நல்ல கைப்பக்குவமுள்ள ஆள் இல்லை, தம்பி வருவான் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று என்றார் பெரியப்பா. சித்தி வேறொரு பக்கம் காரியம் பார்த்து வைத்திருந்தாள். அடுத்த வருஷத்துக் காலண்டர்கள் ஆடிப் பெருக்கில்தான் வெளியே வரும். அதிலிருந்து சிவகாசிப் பிரஸ்களுக்குச் சீசன்.

“பெரியப்பாட்ட சொல்லுத்தா. ஆடி பொறந்தா பிரஸ்ல ஆள் எடுக்காக. பேசி வச்சாச்சு. அதுவரைக்கும் இந்த வள்ளம் மிதக்கும்.”

“மிதக்கலைன்னா என்ன செய்வான்னு கேளு.”

“தரை தட்டுன அன்னைக்கு நானே கூட்டிட்டுப் போயி கம்பெனி வாசல்ல விடுறேன்னு சொல்லு.”

நான் அட்சரம் பிசகாமல் சொன்னேன். வள்ளம் என்று வந்த இடத்திலெல்லாம் கப்பல் என்று மாற்றியது ஒன்றுதான் என் கைச்சரக்கு.

முழுப் பரீட்சை லீவு விட்டதும் நானும் கப்பலில் குடியேறினேன். குழவி தொலைந்துபோன ஒரு ஆட்டுக்கல்தான் நங்கூரம். மூங்கிலை வளைத்துத் தார்ப்பாய் போட்டது கூரை. மண் நிரப்பிய தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ், காலில் கயிறு கட்டிய ஒரு கோழி, டிரங்குப் பெட்டி, இவ்வளவுதான் வீடு. காலையில் எழுந்ததும் சித்தி முன்பக்கப் பலகையைக் கழுவி, சாக்கட்டியால் நாலு புள்ளிக் கோலம் போடுவாள். வாசல் என்றால் வாசல்தானே. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிதண்ணீருக்கு இரண்டு குடத்தோடு கரைக்குப் போய்த் தெருக்குழாயில் வரிசையில் நிற்க வேண்டும். “தண்ணிக்குள்ள குடியிருந்துக்கிட்டு எங்க தண்ணிக்குப் போட்டிக்கு வாரீகளே” என்று குழாயடியில் கேட்பார்கள். மீன் கதையும் இப்படித்தான். காவல்காரர் மீனைத் தொடக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் கெண்டை துள்ளிக்கொண்டிருக்க, நாங்கள் சந்தையில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டோம்.

படகில் சண்டை போடுவது கஷ்டம். கோபித்துக்கொண்டு வெளியே போக முடியாது. சித்தி முன்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள், சித்தப்பா பின்பக்கம். அப்போது கப்பல் மட்டமாக இருக்கும். சமாதானமாகி இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். கரையில் துணி துவைக்கிற பெண்கள் கப்பலின் மூக்கைப் பார்த்தே அன்றைய குடும்ப நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். இதில் என் பங்கும் உண்டு. கப்பல் சாயாமல் இருக்க நான் அவர்கள் நடுவில் படுப்பதுதான் சரி என்று நானாகவே தீர்மானித்து, அந்த லீவு முழுக்க அப்படியே படுத்தேன். புதிதாகக் கல்யாணமான அந்த இரண்டு பேரும் என்னை ஒருநாள்கூடத் தண்ணீரில் தள்ளிவிடவில்லை. இதற்காக அவர்களை இன்று நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சாயங்காலமானால் சித்தி, சித்தப்பாவின் கையை மடியில் எடுத்துவைத்துப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்ப்பாள். மருந்து அறையில் இருந்தவர்களுக்கு நகக்கண்ணிலும் ரேகையிலும் ஒரு வெள்ளிச் சாம்பல் நிறம் ஏறியிருக்கும். சோப்புக்கு அசையாது. பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி தேய்ப்பாள். வைகாசியில் அது போய்விட்டது. ஒரு குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைக் காட்டுவதுபோல எனக்கு அந்தக் கையைக் காட்டினாள்.

ஆனால் சித்திரை, வைகாசி வெயிலுக்குக் கண்மாயும் போய்க்கொண்டிருந்தது. மடைப்பக்கம்தான் பள்ளம். வாரம் ஒருமுறை ஆட்டுக்கல்லைத் தூக்கி இன்னும் கொஞ்சம் மடைப்பக்கம் போட்டோம். கப்பல் கரையை நெருங்க நெருங்கக் கத்திப் பேசிய ஊர்க்காரர்கள் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்கள். ஆனி பிறந்ததும் குத்தகைக்காரர் வலை போட்டு மீனை அள்ளிக்கொண்டு போய்விட்டார். வள்ளத்தை எடுக்க லாரி ஆடியில் வரும் என்றார். காவல் காக்க இனி அங்கே தவளையைத் தவிர வேறெதுவும் இல்லை. சித்தி அசையவில்லை. பேச்சு மீனைப் பற்றியது அல்ல, மிதப்பதைப் பற்றியது.

மிதக்க வேண்டும் என்பதற்காகக் கப்பலின் பாரத்தைக் குறைத்தோம். முதலில் டிரங்குப் பெட்டி கரைக்குப் போனது. பிறகு ஸ்டவ்வும் மண்தட்டும், பிறகு கோழி. கடைசியாக இறக்கப்பட்ட சாமான் நான். பள்ளிக்கூடமும் திறந்திருந்ததால் அதை ஒரு அவமானமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடிக்கு எட்டு நாள் இருக்கும்போது கப்பல் தரை தட்டியது. நான் காலையில் போய்ப் பார்க்கிறேன், சித்தப்பா கழியை ஊன்றித் தள்ளுகிறார், கழிதான் வளைகிறது. சித்தி கோலப் பலகையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “எட்டே நாளுதான்” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

ஊரில் இந்தச் செய்தியைப் பெரியப்பாவிடம் கொண்டுபோக ஆளுக்குப் பஞ்சமா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு நாளில், வெள்ளைச் சட்டையும் குடையுமாக அவர் கரைமேல் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். சித்தப்பா மறுபக்கம் சேற்றில் குதித்துக் குனிந்துகொண்டார். நான் முன்பக்கப் பலகையில் ஏறி என் உத்தியோகத்துக்குத் தயாராக நின்றேன்.

பெரியப்பா கரையிலிருந்து இறங்கி, ஈரமண் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றார். எங்களுக்கும் அவருக்கும் பத்தடி இருக்கும்.

“உங்க சித்தப்பன் எங்கத்தா?”

சித்தி தலையைக் குனிந்தபடி, பிரஸ்காரரைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னாள். நான் சொன்னேன். அப்போதே கப்பல் மெல்ல ஆட ஆரம்பித்திருந்தது. மறுபக்கத்தில் சித்தப்பா தோள் கொடுத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

“வள்ளம் மிதக்குதான்னு உங்க சித்திட்ட கேளு.”

கேட்டேன். சித்தி வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ பேச்சைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், கொண்டுபோக ஒன்றுமே இல்லாமல் நின்றது அன்றைக்குத்தான். அவள் இரண்டாவது பொய் கிடைக்காமல் முழிக்கிறாள் என்று நினைத்து, நானே பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

“மிதக்குது பெரியப்பா. எம்புட்டு ஆடுது பாருங்க.”

இதைக் கேட்டதும் சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இலை அசையாத அந்த மத்தியானத்தில் எங்கள் கப்பல் புயலில் சிக்கியதுபோல ஆடியது. நான் கூரை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பலின் மூக்கை ஒட்டி ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. ஒல்லியான காலில் பாதிகூட நனையவில்லை. இத்தனை புயலிலும் அது பறக்கவில்லை. கழுத்தை நீட்டி, மறுபக்கத்தில் குனிந்திருந்த சித்தப்பாவை வேடிக்கை பார்த்தது.

பெரியப்பா அந்தக் கொக்கையே பார்த்தார். கப்பலைப் பார்த்ததைவிட அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குடையை மடக்கினார். என்னைத் தாண்டி, நேராகச் சித்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“மிதக்குது தாயி. ஆடி வரைக்கும் மிதக்கும்.”

அவ்வளவுதான். திரும்பிக் கரையேறிப் போய்விட்டார். சித்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். ஜெயித்துவிட்டு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சல். போதாததற்கு, நடுவில் நான் ஒருத்தி நிற்கும்போது பெரியப்பா நேராகப் பேசியது என் உத்தியோகத்துக்கு நேர்ந்த அவமரியாதையாகப் பட்டது. சித்தப்பா மட்டும் சேறு வழிய எழுந்து, போயிட்டாகளா என்று கேட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சநேரம் ஆட்டினார்.

ஆடி முதல் தேதி சித்தப்பா பிரஸ்ஸில் சேர்ந்தார். காலண்டர் தலையில் தகரத் தகடு அடிப்பதில் ஆரம்பித்து, பைண்டிங் செக்ஷனுக்கே பெரிய ஆளாகி, போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். ஒவ்வொரு வருஷமும் எனக்கு வருகிற காலண்டரை அவரே கொண்டுவந்து மாட்டுவார். பத்து விரலும் பத்திரமாக இருக்கிற கை. எங்கள் தெருவில் அவர் வயசு ஆண்களிடம் அப்படி ஒரு கையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சித்தியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வது இதனால்தான்.

முதலாளிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தீபாவளி சீசன் முழுக்க, தம்பிக்குப் பதிலாகப் பெரியப்பாவே மருந்து அறைக்குள் போய்க் கலக்கினார் என்பது பல வருஷம் கழித்து, அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, அம்மா சொல்லித் தெரிந்தது. ஆசாமி வாயைத் திறக்கவே இல்லை.

அந்தப் பெரியப்பா, கம்பெனியில் வாசற்படியில் நின்றபடியே உள்ளே தட்டில் பரப்பியிருக்கிற மருந்தில் ஒரு மணல் துகள் கிடந்தாலும் கண்டுபிடித்து, தட்டையே தள்ளிவைக்கச் சொல்கிறவர். அப்பேர்ப்பட்டவருக்குப் பத்தடி தூரத்தில் கொக்கின் கால் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்த வயசில் எனக்கு ஒரே ஒரு காரணம்தான் கிடைத்தது: பாவம், பெரியப்பாவுக்குக் கண் போய்விட்டது. ஏமாற்றியதில் பெருமை ஒரு பக்கம், இரக்கம் ஒரு பக்கம். அதன்பிறகு கடைக்கோ கோயிலுக்கோ அவரோடு போகும்போதெல்லாம், ரோட்டைக் கடக்கும் இடத்தில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்து வாங்க பெரியப்பா, லாரி வருது” என்பேன். அவரும் கையை உருவிக்கொள்ளாமல், கூடவே வருவார்.