தாத்தா வைத்துக்கொண்ட பெயர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கண்டிக்கு அப்பால், பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை எனக்கு. வயது இருபத்தேழு. சொந்த ஊர் காரைக்கால். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லயங்களில் குடியிருந்த கூலிச் சனங்கள் ‘மருந்தய்யா’ என்று மரியாதையாகத் தள்ளி நின்றார்கள். துரை பங்களாவோ என்னைத் தள்ளி நிறுத்தியது. வாரம் முழுக்க நான் பேசியதெல்லாம் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்டி மாதா கோயிலுக்குப் பூசை காணப் போவேன். அங்கே பழக்கமான ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கிக் குடும்பம், வாவிக்கு மேலே குடியிருந்தது. வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் பியானோ வாசிப்பாள். அவளைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. அவளுக்கும் சம்மதம்தான்.

என் பெயரின் கடைசியில் ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் உண்டு. அதைக் கேட்ட அன்றே பெரியவர், உன் முன்னோர் பிரெஞ்சுப் படையில் அதிகாரியாக இருந்திருப்பார் என்றார். வீட்டில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் நான் மறுக்கவில்லை. போகப் போக நானே நம்பிவிட்டேன். கலியாணப் பேச்சு வந்ததும், தங்கள் வம்சப் புத்தகத்தில் எழுத வேண்டும், தகப்பன் வழியில் ஐரோப்பியன் என்று காட்ட ஒரு பத்திரம் கொண்டு வா என்றார்.

காரைக்கால் பதிவு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். மூன்று மாதம் கழித்து, முத்திரை குத்திய பதிவு நகல் ஒன்று வந்தது. முழுக்கப் பிரெஞ்சு. நான் நாகப்பட்டினத்தில் இங்கிலீஷ் படித்தவன். கண்டிக்குப் பக்கத்தில், பாதிரிமாருக்குப் படிக்கும் அம்பிட்டிய குருமடத்தில் புதுச்சேரிச் சாமியார் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவரிடம் எடுத்துப் போனேன்.

அவர் இரண்டு தடவை படித்தார்.

“இதுல வெள்ளைக்காரர் யாரும் இல்லை தம்பி. இந்தப் பேரை உங்க தாத்தாதான் வச்சுக்கிட்டிருக்கார்.”

பழைய சாதி வழக்கங்களை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு வருகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள், பரம்பரைக்கும் நிற்கும்படி ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். நான் பார்த்தேயிராத தாத்தா, பத்திரத்தின்படி, வயல் கூலி. எழுதத் தெரியாததால் கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல் போட்டிருந்தார். இந்தப் பெயரை ஏன் எடுத்தார் என்று கேட்டேன்.

“காதுக்குப் பிடிச்சிருக்கும். இந்தப் பேரைச் சொன்னா, நீ என்ன சாதின்னு யாரும் கேக்க முடியாதில்ல?” என்றார் சாமியார்.

மலையிறங்கி வரும்போது மனசில் ஒன்றுதான் ஓடியது. அந்த வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது.

அடுத்த ஞாயிறு பத்திரத்தை நீட்டினேன். பெரியவர் முத்திரையைப் பார்த்தார். என் குடும்பப் பெயரை விரலால் தடவிச் சிரித்தார். இது போதும் என்று சொல்லி, மகளிடம் கேக் வெட்டச் சொன்னார். அவர் விரல் மெல்ல இறங்கி அந்தக் கீறலின் மேல் வந்து நின்றது. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அது என் தாத்தா போட்டது, அவர் தமிழர், வயல் கூலி என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பத்திரத்தைப் பழையபடி மடித்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றார். இனி வர வேண்டாம் என்கிறார் என்று எனக்கு விளங்கியது. அவள் கேக் தட்டோடு வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

பொழுதிருக்கவே தோட்டத்துக்குத் திரும்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஆயா, “என்னங்கய்யா, இன்னைக்கு வெள்ளனவே வந்துட்டீங்க?” என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லிப் பழக்கமில்லை.

கலியாணம் நின்ற வருத்தம் வருடங்கள் போகப் போக ஆறிவிட்டது. பிறப்பை யாரும் கேட்கக் கூடாதென்று தாத்தா தேடி எடுத்த பெயரைக் கொண்டே பிறப்பைப் பற்றிப் பெருமையடிக்கப் போனேனே, அந்த வெட்கம்தான் இன்னும் ஆறவில்லை.