சன்னலோர மேசையில் கரியண்ணன்

அந்த மலையூரில் குளிர் இறங்கிவிட்டால் கரியண்ணனைத் தேடாத வீடு கிடையாது. தங்கும் விடுதிகள், வாடகை பங்களாக்கள், ஓய்வு பெற்றவர்கள் ஆசையாகக் கட்டிக்கொண்ட கண்ணாடி வீடுகள் என்று எங்கே போனாலும் ஒரு கணப்படுப்பு உண்டு. அதன் புகைபோக்கியில் படிகிற கரியைச் சுரண்டி எடுப்பது அவர் பிழைப்பு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

தொழிலில் சுத்தக்காரர் என்று பேர் வாங்கியவர். நீளக் கம்பிகளை ஒன்றோடொன்று திருகி, நுனியில் முள் பிரஷ்ஷை மாட்டி, அடுப்புக்குள் மண்டியிட்டு மேலே தள்ளுவது பாதி வேலை. கூரைமேல் ஏறி, புகைபோக்கியின் தகர மூடியைக் கழற்றி, மேலிருந்து தேய்த்து இறக்குவது மீதிப் பாதி. 'கீழ் வேலை கூலிக்கு, மேல் வேலை மானத்துக்கு' என்று அவர் சொல்லாத ஆளில்லை. ஆனால் வயது அறுபதை நெருங்கியதும் முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. அந்த வருஷம், ஊரார் கடலோர உணவகம் என்று சொல்லும் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த அன்று தூறல் வேறு. ஓடு வழுக்கும் என்று மனசு ஒரு சாக்கைக் கையில் கொடுத்தது, அவரும் வாங்கிக்கொண்டார். கீழ் வேலையோடு கம்பிகளைக் கட்டிவிட்டு, "மேலயும் பாத்துட்டேம்மா" என்று முதலாளியம்மாவிடம் சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு தடவைதானே என்று நினைத்தார்.

அந்த உணவகம் பேருந்து நிலையத்துக்குக் கீழே, சரிவில் இருந்தது. முதலாளியம்மா மத்தியதரைக்கடல் ஓரத்து ஊர்களில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மலைமேல் கடலோரச் சாப்பாடா என்று சிரித்தவர்களே பிறகு இடம் கிடைக்காமல் வாசலில் நின்றார்கள். தாழ்ந்த கூரை, வெள்ளைச் சுவர், நீலக் கதவு, நடுவில் கல்லால் கட்டிய பெரிய கணப்பு. வெளியே மூடுபனி அப்பிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்தால் கம்பளிக்குள் கால் நீட்டின மாதிரி இருக்கும். கரியண்ணன் இத்தனை வருஷமும் பின்வாசல் வழியாகத்தான் போய் வந்திருந்தார்.

வேலை முடிந்த மறுவாரம் மகளும் மருமகனும் கீழே நகரத்திலிருந்து வந்தார்கள். கல்யாணமாகி முதல் விடுமுறை. மருமகன் தங்கமான பையன். மாமனாரின் தொழிலைப் பற்றி நண்பர்களிடம் பெருமை பேசுகிறவன். ஒருநாள் மதியச் சாப்பாடு அங்கேதான் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

"அந்த இடமெல்லாம் நமக்கு எதுக்கு மாப்பிள்ளை?"

"நீங்க சுத்தம் பண்ற கணப்பு முன்னாடி நீங்க உக்காந்து சாப்பிட வேணாமா மாமா?"

மருமகனின் கோட்டைப் போட்டுக்கொண்டு, முகம் மழித்து, நகக்கண்ணில் இருந்த கரியை எலுமிச்சைத் தோலால் தேய்த்துவிட்டு முன்வாசல் வழியாக நுழைந்தார். சன்னலோர மேசை கிடைத்தது. ஊறவைத்த ஆலிவ் காய்கள், கொண்டைக்கடலையை எண்ணெய் விட்டு மசித்த கூழ், சுட்ட கத்தரிக்காய், ஆவி பறக்கும் ரொட்டி எல்லாம் வந்தன. மனைவி ஆலிவைக் கடித்துவிட்டு, "கசக்குதா இனிக்குதான்னே தெரியலையே" என்றாள். மகள் சிரித்தாள். கரியண்ணனுக்கு ரொட்டி பிடித்துப்போயிற்று. நாமும் மனுஷர்தான் என்று முதுகு நிமிர்ந்தது.

பாதிச் சாப்பாட்டில் புகை வந்தது.

முதலில் நூலாக, பிறகு சுருளாக, கணப்பின் வாயிலிருந்து கூடத்துக்குள் திரும்பி இறங்கியது. பக்கத்து மேசைக் குழந்தை இருமியது. ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அங்கே நெருப்பு ஒழுங்காகத்தான் எரிந்தது, புகைக்குத்தான் போக வழியில்லை. என்ன கோளாறு என்று கரியண்ணனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வாயிலிருந்த ரொட்டி மண்ணாகிப் போயிற்று.

கணப்புக்குக் கட்டை போடுவதும் பந்தி பரிமாறுவதும் ஒரே அம்மாள்தான். முதலாளியம்மா அவளைக் கூடத்திலேயே நிறுத்திக் கேட்டார். "ஈரக் கட்டையைப் போட்டியா? எத்தனை தடவை சொல்றது?"

"காஞ்சதுதாம்மா போட்டேன்."

"காஞ்ச கட்டை இப்படியா புகையும்? போன வாரம்தான் கரியண்ணன் மேலயும் கீழயும் சுத்தம் பண்ணிட்டுப் போனாரு."

 அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் தெளித்து நெருப்பை அணைத்தாள். முதலாளியம்மா போனை எடுத்துக் காதில் வைத்தார். கரியண்ணனின் கோட்டுப் பை அதிர்ந்தது.

"மாமா, உங்க போன்."

"ஏதோ விளம்பரக்காரன்" என்று வெளியே எடுக்காமலே அதை அணைத்தார்.

மருமகன் விடவில்லை. "மாமா, நீங்க பாத்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவீங்க. நான் போய் அவங்களைக் கூப்பிடட்டுமா?" என்று எழுந்தான்.

கரியண்ணன் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "வேணாம் மாப்பிள்ளை. அடுத்தவன் செஞ்ச வேலையில நாம போயி குத்தம் சொல்லக் கூடாது. தொழில் தர்மம்."

சொல்லும்போதே நாக்கு கூசியது. மருமகனோ தன் மனைவியைப் பார்த்து, "பாத்தியா உங்கப்பாவை" என்றான். கரியண்ணனின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் நாளில் கோணியில் சுற்றிய கம்பிகளோடு சீக்கிரமே வீடு திரும்பியவரை அவள் மறந்திருக்க மாட்டாள்.

முதலாளியம்மா மேசை மேசையாக வந்தார். கரிக்கோலத்தில், தலையில் துண்டு கட்டிய ஆளாகத்தான் அவருக்குக் கரியண்ணனைத் தெரியும். கோட்டுப் போட்ட பெரியவரிடம் கைகூப்பி, "மன்னிச்சிக்கங்க சார். எங்க ஆளு பண்ண தப்பு" என்றார். தேனில் ஊறிய பாதாம் இனிப்பு ஒரு தட்டு, இலவசமாக வந்தது. கொண்டுவந்து வைத்தவள் அந்த அம்மாள்தான். கரியண்ணன் சன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்தார். எல்லாரும் வற்புறுத்தியதால் ஒன்றை எடுத்துத் தின்றார். மனைவி தொடவில்லை.

மாலைப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.  கதவைத் திறக்கும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அந்தப் பொம்பளைக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கும்."

அவர், மருமகன் தனக்கே விட்டுப்போன கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கம்பிகளையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு உணவகத்துக்குக் கிளம்பினார். ஈர ஓட்டில் முட்டியை ஊன்றி ஊன்றி ஏறினார். தகர மூடிக்குக் கீழே ஏதோ பறவை கட்டிய கூடு, அதன்மேல் ஒட்டிய கரி, அடைத்துக்கொண்டு கிடந்தது. பிடுங்கி எறிந்து, தேய்த்து இறக்கினார். கீழே வந்தபோது முதலாளியம்மா முற்றத்தில் நின்றிருந்தார்.

"போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறீங்களே?"

"எடுத்திருந்தா உங்க கூடத்துலயே பேச்சு கேட்டிருக்கும்மா. சன்னலோர மேசையில உக்காந்திருந்தது நான்தான். போன வாரம் நான் மேல ஏறவே இல்ல. ஏறினேன்னு பொய் சொன்னேன்."

முதலாளியம்மாவின் முகம் மாறியது. சார் என்று கைகூப்பியது நினைவு வந்திருக்க வேண்டும். திட்டியிருந்தால் தேவலை. "இதை என்கிட்ட சொல்லி என்ன?" என்று கேட்டுவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பரிமாறுகிற அம்மாள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கரியண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, மதியம் நீ திட்டு வாங்கினது என்னாலதான். நான் அங்கதான் இருந்தேன்."

"தெரியும்ணே. நீங்க உள்ள வரும்போதே பாத்தேன்."

 "அப்ப ஏன்மா வாயத் தொறக்கல?"

"மக, மாப்பிள்ளையோட வந்திருந்தீங்க." அவள் குரலில் கோபமில்லை, பரிவும் இல்லை. "நீங்களே எழுந்திருப்பீங்கன்னு நெனச்சேன். இனிப்பு வைக்கும்போதும் நெனச்சேன்."

அடி வாங்கியிருந்தாலும் அப்படிக் கூனியிருக்க மாட்டார். மன்னிச்சிடு என்ற சொல் வாய்வரை வந்தது. அதற்கும் தனக்குத் தகுதியில்லை என்று பட்டது. கடைசியில் எப்படியோ சொன்னார். அவள், "சரிண்ணே, அடுப்புல வேலை கிடக்கு" என்று போய்விட்டாள். மறுநாள் மதியம் முதலாளியம்மா சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே அவளிடம் தன் தவறைச் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டார்.

அடுத்த ஞாயிறு மருமகனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு, "சரி மாமா. ஒடம்பப் பாத்துக்கங்க" என்றான். மரியாதை குறையவில்லை. ஆனால் 'எங்க மாமா மாதிரி வருமா' என்று அவன் சொல்லுவது அதோடு நின்றுபோயிற்று. கரியண்ணனும் மானத்துக்கு, கூலிக்கு என்று யாரிடமும் வசனம் பேசுவதில்லை. கூரை ஏற முடியாத வீடுகளை, முடியாது என்று சொல்லி விட்டுவிட்டார்.

கடலோர உணவகத்து வேலை மட்டும் கைவிட்டுப் போகவில்லை. அவர் போகிற நாளில் அந்த அம்மாள் டீ கொடுப்பாள், வீட்டில் சௌக்கியமா என்று விசாரிப்பாள். அவர் ஏணியைச் சாத்தியதும் முற்றத்துக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அவர் கூரைக்குப் போய்ச் சேர்கிறவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். விழுந்துவிடக் கூடாதே என்றா, ஏறுகிறாரா என்றா, அவர் கேட்டதில்லை.