கொப்பரை அறைக்குள் இறங்கிய காற்று

சகோதரர்களே, கப்பல் மூழ்கினால்தான் கடலோடி சாவான் என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அலையே இல்லாமல், நங்கூரம் போட்டு நின்ற கப்பலில் என் மச்சான் காசிம் சாகக் கிடந்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ரப்பர் விலை விழுந்து, ஜொகூர் முழுக்க ஆட்கள் வேலைக்கு அலைந்த காலம். நானும், என் ராத்தாவின் கணவரான காசிம் மச்சானும் பொந்தியானிலிருந்து சிங்கப்பூருக்குக் கொப்பரை ஏற்றும் சின்னப் புகைக்கப்பலில் வேலை செய்தோம். எங்களுக்கு மேலாள் ஒரு சாரங்கு. எதிர்த்துப் பேசினால் ஆளைக் கரையில் இறக்கிவிடுவார். அதனால் யாரும் பேசுவதில்லை.

அன்று மழையில் நனைந்த கொப்பரையைத் தொங்கான் என்னும் சரக்குப் படகுகள் கொண்டுவந்தன. மேலும் நனையக் கூடாதென்று சரக்கறையைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினோம். ஈரக் கொப்பரை மூடிய இடத்தில் புழுங்கிப் புழுங்கி நல்ல காற்றையெல்லாம் தின்றுவிடும். திறந்து ஆறவிட்டுத்தான் இறங்க வேண்டும். எங்கள் எல்லாருக்கும் இது தெரியும். சாரங்குக்கும் தெரியும். மறுநாள் காலை திறந்த கையோடு, மூட்டைகளை நகர்த்தச் சொல்லி மச்சானை இறக்கினார்.

ஏணியின் அடியில் மச்சான் உட்கார்ந்தார். தூக்கம் வந்தவர் போலச் சாய்ந்தார். கூப்பிட்டேன், தலை நிமிரவில்லை. நான் ஏணியில் கால் வைத்ததும், எங்களுக்கு அண்ணன் போன்ற சமையல்காரர் மீரா காக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீயும் போனா உன் ராத்தாவுக்கு யாருடா மிச்சம்? இரு. காத்து இறங்கட்டும்."

காற்றைக் கீழே இறக்க நீளமான கித்தான் குழாய் ஒன்று உண்டு. அவசரமாகக் கட்டினோம். காற்றே இல்லை. குழாய் துவண்டு தொங்கியது. தளத்தில் நெற்றியை வைத்து அழுதேன். யா அல்லாஹ், காற்றைக் கொடு.

மேற்கே கடல் கறுத்தது. சுமத்ரா பக்கமிருந்து மழையோடு பாய்ந்து வரும், கடலோடிகள் எல்லாரும் பயப்படும் சுமத்ராக் காற்று. கப்பல் சுழன்றது, நங்கூரச் சங்கிலி கறகறவென்று இழுபட்டது. குழாய் புடைத்தது. அதே நேரத்தில் சாரங்கு கத்தினார்.

"மழை வருது, மூடுங்கடா! கொப்பரை நனைஞ்சா எல்லாருக்கும் வேலை போச்சு."

ஆள் உள்ளே கிடக்கிறார், மூடச் சொல்கிறான் அந்த மனுஷன்! நான் திறப்பின் மேலேயே குறுக்கே படுத்தேன். என்னையும் சேர்த்து மூடு என்றேன். ஒருவரும் மூடும் பலகையைத் தொடவில்லை. மீரா காக்கா விளக்கை இறக்கிப் பார்த்தார். அணையவில்லை, உள்ளே நல்ல காற்று இறங்கிவிட்டது. இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, மச்சானைத் தூக்கி வந்தேன். மழை முகத்தில் அடித்ததும் அவர் இருமினார். நான் அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன்.

அல்ஹம்துலில்லாஹ். எங்கள் இருவர் வேலையும் அன்றே போனது. மச்சான் பொந்தியானில் டீக்கடை போட்டிருக்கிறார். நான் வேறு கப்பலில் இருக்கிறேன், விளக்கு இறங்காமல் யாரையும் இறங்க விடுவதில்லை. ஒரு வேளைத் தொழுகையும் தவறுவதில்லை. ஆனால் அந்தப் பழைய கப்பல் இன்னும் ஓடுகிறது. அதே அறைக்குள் இன்று யாரோ இறங்குகிறார்கள்.

எந்தக் காற்று வேண்டுமென்று நான் இப்போது அல்லாஹ்வுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. நீங்களும் அவனிடம் கேளுங்கள், சகோதரர்களே. கேட்டது அந்தச் சுமத்ராக் காற்று போலக் கறுத்துக்கொண்டு வந்தால், பயந்து மூடிவிடாதீர்கள்.