வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்து

எண்பதுகளில் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி வைத்திருந்தேன். குழாய் நழுவி விழுந்ததில் என் தொழிலாளி பழனியப்பனின் வலது கை போயிற்று. விசாரணையில் அவன் என் ஆள்தான் என்று நானே ஒப்புக்கொண்டேன். நஷ்டஈடு கொடுக்க உத்தரவானது.

"அப்பீல் போட்டு இழுத்தடிக்கலாமுங்க. அவனாவே கொறைச்சலுக்கு ராஜிக்கு வருவான்" என்றார் என் வக்கீல்.

ரிக் வேலைக்குப் போனால் திரும்ப மாதக்கணக்காகும். அதனால் வெள்ளைத்தாள்களில் கையெழுத்திட்டு வக்கீலிடம் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அப்படியே கொடுத்துவிட்டு ஆந்திராவுக்குப் போனேன்.

உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்த அன்றுதான் என் கையெழுத்துக்கு மேலே வக்கீல் மனுவில் எழுதியிருந்தது தெரிந்தது: 'பழனியப்பன் யாரென்றே எனக்குத் தெரியாது.' நீதிபதி என் பழைய வாக்குமூலத்தை வாசித்துவிட்டு அப்பீலைத் தள்ளினார். வெள்ளைத்தாள் விஷயம் தெரிந்ததும், வீணாக அலைக்கழித்ததற்காகப் பழனியப்பனின் வழக்குச் செலவை வக்கீலே தன் கைப்பணத்தில் கட்ட வேண்டும் என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே பழனியப்பன் நின்றிருந்தான். "ஏனுங்க, என்னைய யாருன்னே தெரியாதுங்களா?" என்றான்.

நஷ்டஈடு வாங்கும் அன்று நானும் உடன் போனேன். ரசீதை அவன் ஒவ்வொரு வரியாகப் படித்தான். பிறகுதான் இடது கையால், கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

இப்போது நானும் படித்துவிட்டுத்தான் போடுகிறேன்.